தந்தைவழி ஒன்றென்றால் வடிவமும் ஒன்று: ஒய் குரோமோசோம் சோதனை பற்றி வாசகர் கேள்விகள்

ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமை வைத்துத் தடயவியலில் ஆளை அடையாளம் காண்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் எங்கள் தடயவியல் குழு பதிலளிக்கிறது.

சாதாரண டிஎன்ஏ சோதனையே ஒருவரைத் தனியாக அடையாளம் காட்டிவிடுமே? பிறகு எதற்குத் தனியாக ஒய் சோதனை?
– கல்லூரி மாணவி

அடையாளம் காட்டும் திறனில் சாதாரணச் சோதனைதான் முன்னே நிற்கிறது. அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பாலியல் வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் உடலிலிருந்து எடுக்கும் ஸ்வாபில் (பஞ்சுக் குச்சித் தடவலில்) பெரும்பகுதி அவருடைய செல்களாகவே இருக்கும். ஆணின் செல் நூற்றில் ஒன்றாகவோ ஆயிரத்தில் ஒன்றாகவோ கிடக்கும். சாதாரணச் சோதனை இருவருடைய டிஎன்ஏவையும் சேர்த்தே நகலெடுத்துப் பெருக்குகிறது. ஒருவருடைய பங்கு ஐந்து சதவீதத்துக்கும் கீழே போனால் கருவி வரையும் வரைபடத்தில் அவருடைய சிகரங்கள் மற்றவருடையவற்றில் மூழ்கிவிடும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஸ்வாபிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சாற்றில் மைக்ரோலிட்டருக்கு 20 நானோகிராம் மனித டிஎன்ஏ இருக்கிறது, அதில் ஆணுடையது 0.05 நானோகிராம் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 400க்கு 1. சாதாரணச் சோதனைக்கு மொத்தமாக 1 நானோகிராம் எடுத்தால் அதற்குள் ஆணின் பங்கு 2.5 பிகோகிராம்தான். ஒரே ஒரு செல்லில் இருப்பதே சுமார் 6.6 பிகோகிராம். அதாவது பாதிச் செல் அளவுகூட குழாய்க்குள் போகவில்லை. ஒய் சோதனையில் பெண்ணின் டிஎன்ஏ கணக்கில் வராது என்பதால் அதே சாற்றில் 10 மைக்ரோலிட்டரைத் துணிந்து எடுக்கலாம். அப்போது ஆணின் டிஎன்ஏ 0.5 நானோகிராம், ஏறத்தாழ 75 செல்கள் அளவு கிடைக்கிறது. முழு வடிவம் எடுக்க அது போதும்.

நகக்கண்ணில் சுரண்டி எடுத்தது, கடித்த இடத்து எச்சில், கழுத்தை நெரித்த இடத்துத் தடவல் ஆகியவற்றுக்கும் இதே காரணத்தால்தான் ஒய் சோதனை கைகொடுக்கிறது.

23 மார்க்கர், 27 மார்க்கர் என்கிறார்கள். உண்மையில் எதை எண்ணுகிறார்கள்?
– பள்ளி உயிரியல் ஆசிரியர்

டிஎன்ஏவில் சில இடங்களில் மூன்று, நான்கு அல்லது ஐந்து எழுத்துகள் கொண்ட ஒரு சிறு தொடர் அடுத்தடுத்துத் திரும்ப வரும். ஒருவருக்குப் பத்து முறை வரலாம், இன்னொருவருக்குப் பதின்மூன்று முறை. இந்த எண்ணிக்கைதான் அளக்கப்படுகிறது. இவற்றுக்கு எஸ்டிஆர் என்று பெயர். ஒய் குரோமோசோமில் உள்ளவை டிஒய்எஸ் என்று தொடங்கும் பெயர் பெறுகின்றன: டிஒய்எஸ்19, டிஒய்எஸ்391 என்று. முதலில் விவரிக்கப்பட்டது டிஒய்எஸ்19; ஆண்டு 1992. 2004இல் வந்த ஒய்ஃபைலர் கிட்டில் (ஆயத்தச் சோதனைத் தொகுப்பில்) 17 மார்க்கர்கள், அதாவது இப்படி எண்ணப்படும் 17 இடங்கள். பின்னர் வந்த பவர்பிளெக்ஸ் ஒய்23இல் 23, ஒய்ஃபைலர் பிளஸில் 27.

ஒய் குரோமோசோமின் இரு நுனிகள் மட்டுமே எக்ஸ் குரோமோசோமுடன் பகுதிகளை மாற்றிக்கொள்கின்றன. இடைப்பட்ட சுமார் 95 சதவீதம் தந்தையிடமிருந்து மகனுக்கு அப்படியே ஒரே கட்டாகப் போகிறது. எனவே எல்லா மார்க்கர்களின் எண்களையும் சேர்த்து ஒரே வடிவமாகத்தான் பார்க்க வேண்டும். இதற்கு ஹாப்லோடைப் என்று பெயர். கீழே வழக்கறிஞரின் கேள்விக்கான பதில் முழுவதும் இந்த ஒரு பண்பைச் சுற்றியே வருகிறது.

வகுப்பில் சொல்லும்போது இரண்டு விதிவிலக்குகளையும் சொல்லிவிடுங்கள். டிஒய்எஸ்385 ஒய் குரோமோசோமில் இரண்டு இடங்களில் இருக்கிறது. அங்கே இரண்டு சிகரங்கள் தெரிவது இயல்பு. அதைப் பார்த்து இரண்டு ஆண்கள் என்று முடிவுகட்டக் கூடாது. டிஒய்எஸ்389இல் முதல் பகுதி இரண்டாவது பகுதிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. முதல் பகுதியில் ஒரு திருப்பம் கூடினால், அதாவது தொடர் ஒருமுறை கூடுதலாக வந்தால், இரண்டாவதிலும் கூடியதாகத் தெரியும். தந்தை மகன் ஒப்பீட்டில் இதை இரண்டு வேறுபாடு என்று எண்ணுவது பிழை. நடந்தது ஒரே மாற்றம்தான்.

ஸ்வாப் ஆய்வகத்துக்கு வந்ததிலிருந்து முடிவு வரை என்னென்ன நடக்கும்? எங்கே தவறலாம்?
– தடயவியல் முதுகலை மாணவர்

ஆய்வகத்துக்கு வருவதற்கு முன்பே பாதித் தவறுகள் நடந்துவிடுகின்றன. ஈரமான ஸ்வாபைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் டிஎன்ஏவைத் தின்றுவிடும். காற்றில் உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும். மாதிரி எடுப்பவர் ஆண் என்றால் முகக்கவசம், இரட்டைக் கையுறை கட்டாயம். இந்தச் சோதனை மிகச் சிறிய அளவு ஆண் டிஎன்ஏவையும் பிடித்துவிடும் என்பதால் ஒரு தும்மல்கூடக் கலப்படமாகத் தெரியும். மாதிரியைத் தொட்ட ஆண் பணியாளர்கள் அனைவருடைய ஒய் வடிவமும் ஆய்வகத்தின் விலக்குப் பட்டியலில் இருக்க வேண்டும்.

விந்தணு இருக்கும் என்று எதிர்பார்த்தால் முதலில் செல்களைப் பிரிக்கலாம். 1985இல் வெளியான முறை இது, இன்றும் பயன்படுகிறது. ஸ்வாபை எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளும் ப்ரோட்டினேஸ் கே என்ற நொதியும் சேர்ந்த கரைசலில் சூடாக வைத்தால் சாதாரண செல்கள் உடைந்துவிடும். விந்தணுவின் தலையில் உள்ள புரதங்கள் கந்தகப் பிணைப்புகளால் இறுகியிருப்பதால் அது தாங்கி நிற்கும். சுழற்றினால் விந்தணுக்கள் அடியில் படியும். மேலே உள்ள நீர்மத்தை எடுத்து வைத்துவிட்டு, அடியில் உள்ளதைப் பலமுறை கழுவி, டிடிடி என்ற வேதிப்பொருளைச் சேர்த்து இரண்டாவது முறை கரைக்க வேண்டும். அந்தக் கந்தகப் பிணைப்பை உடைப்பது டிடிடிதான்.

இங்கே கை தவறுவது பல விதம். கழுவியது போதாவிட்டால் பெண்ணின் டிஎன்ஏ கூடவே வரும். கழுவியது மிஞ்சினால் அடியில் இருந்த சில விந்தணுக்களும் போய்விடும். மாதிரி பழையது என்றால் விந்தணுக்கள் முதல் படியிலேயே உடைந்து, ஆணின் டிஎன்ஏ மேல்நீர்மத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே பெண் பகுதி என்று ஒதுக்கிய நீர்மத்தை ஒருபோதும் கொட்டிவிடாதீர்கள். ஒய் சோதனை மட்டும்தான் செய்யப்போகிறோம் என்றால், இழப்புக்கு இடம் தரும் இந்தப் பிரிப்பையே தவிர்த்துவிட்டு மொத்தமாகக் கரைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

அடுத்தது அளவிடுதல். டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும்போதே அளவையும் காட்டும் ரியல்-டைம் பிசிஆரில் மொத்த மனித டிஎன்ஏ, ஆண் டிஎன்ஏ, சிதைவு, தடைப்பொருள் ஆகிய நான்கும் ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும். எந்தச் சோதனைக்குப் போவது என்பதை இந்த எண்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் இருக்கிற கொஞ்சம் சாற்றையும் பயனில்லாத சோதனையில் வீணாக்கிவிடுகிறார்கள். பெருக்குவதற்கு ஆண் டிஎன்ஏ 0.5 முதல் 1 நானோகிராம் வரை போதும். மார்க்கர்களைப் பிரித்துக் காட்ட வெவ்வேறு ஒளிரும் நிறங்கள் உண்டு; டிஎன்ஏவைக் கூடுதலாகப் போட்டால் ஒரு நிறத்தின் சிகரம் அடுத்த நிறத்திலும் எட்டிப்பார்க்கும். ரத்தத்தின் ஹீமாட்டின், நீல ஜீன்ஸின் சாயம், மண்ணின் ஹியூமிக் அமிலம் மூன்றும் பிசிஆரை முடக்கக்கூடியவை. அத்தகைய சாற்றை நீர்த்துப் போடலாம், அல்லது இன்னொரு முறை சுத்திகரிக்கலாம்.

கடைசியில் நுண்குழாய் எலக்ட்ரோஃபோரெசிஸ், அதாவது மெல்லிய குழாயில் மின்சாரத்தால் டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்தல். திரையில் சிகரங்கள் வரிசையாக நிற்கும். நான்கெழுத்து மார்க்கர்களில் ஒவ்வொரு சிகரத்துக்கும் ஒரு திருப்பம் முன்னால் சிறிய நிழல் சிகரம் இருக்கும். அது ஸ்டட்டர், நகலெடுப்பில் வரும் பிழை. டிஒய்எஸ்481 போன்ற மூன்றெழுத்து மார்க்கரில் அது கணிசமாக உயரும். ஐந்தெழுத்து டிஒய்எஸ்438இல் மிகக் குறைவு. எல்லா மார்க்கர்களுக்கும் ஒரே ஸ்டட்டர் வரம்பை வைத்தால் டிஒய்எஸ்481இல் இல்லாத இரண்டாவது ஆணைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

வெற்றிடங்களைப் படிப்பதும் ஒரு கலை. நீளமான மார்க்கர்கள் எல்லாம் சேர்ந்து படிப்படியாக மங்கி மறைந்தால் டிஎன்ஏ சிதைந்திருக்கிறது. சுற்றிலும் சிகரங்கள் நன்றாக நிற்க, நடுவே குட்டையான ஒரே ஒரு மார்க்கர் மட்டும் காலியாக இருந்தால் அந்த ஆணிடம் அந்தப் பகுதியே இல்லாமலிருக்கலாம், அல்லது பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். சந்தேக நபரின் மாதிரியிலும் அதே இடம் காலியாக இருந்தால் வெற்றிடம்கூட ஒப்பீட்டுக்கு உதவும்.

என் கட்சிக்காரரின் ஒய் வடிவம் 23 மார்க்கர்களிலும் பொருந்துகிறது என்கிறது அறிக்கை. தடயத்தை விட்டவர் அவர்தான் என்று சொல்லிவிட முடியுமா?
– வழக்கறிஞர்

முடியாது. அப்படி எழுதிய அறிக்கை தவறானது.

ஒய் வடிவம் ஒரு தந்தைவழியைக் காட்டுகிறது. உங்கள் கட்சிக்காரரின் தந்தை, தாத்தா, உடன்பிறந்த சகோதரர்கள், பெரியப்பா, சித்தப்பா, அவர்களுடைய மகன்கள் எல்லோருக்கும் பெரும்பாலும் அதே வடிவம்தான். அவர்களைத் தாண்டி, உறவே மறந்துபோன தூரத்துப் பங்காளிகளுக்கும் இருக்கலாம். அண்டர்சன், பால்டிங் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2017இல் வெளியிட்ட கணிப்பின்படி, இன்றைய பெரிய கிட்டுகளில் முழுதாகப் பொருந்தும் ஆண்கள் பொதுவாகச் சில பத்துப் பேர் இருப்பார்கள். அவர்கள் ஒரே தந்தைவழியில் வந்தவர்களாகவும் இருப்பார்கள்.

அடுத்து எண்ணைப் பாருங்கள். சாதாரணச் சோதனையில் ஒவ்வொரு மார்க்கரின் நிகழ்தகவையும் பெருக்கிக் கோடிக்கணக்கில் ஒருவர் என்று சொல்கிறார்கள். ஒய் சோதனையில் அந்தப் பெருக்கலுக்கு இடமே இல்லை. மார்க்கர்கள் எல்லாம் ஒரே கட்டாக இறங்கி வருவதால் அவை ஒன்றையொன்று சாராதவை அல்ல. யாராவது பெருக்கியிருந்தால் அதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

வழக்கமான முறை எண்ணிப் பார்ப்பதுதான். ஒரு தரவுத்தளத்தில் 4,000 ஆண்களின் வடிவங்கள் இருக்கின்றன, அவற்றில் இந்த வடிவம் ஒன்றுகூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது பூஜ்யம் என்று எழுதக் கூடாது. 95 சதவீத நம்பக எல்லையில் ஏறத்தாழ 3ஐ 4,000ஆல் வகுக்க வேண்டும். அதாவது சுமார் 1,335 ஆண்களில் ஒருவருக்கு மேல் இருக்காது என்பதே அதிகபட்சமாகச் சொல்லக்கூடியது. அதே வடிவத்தை 20,000 பேர் உள்ள தளத்தில் தேடி அங்கும் இல்லையென்றால் அந்த எண் சுமார் 6,700இல் ஒருவர் என்று மாறிவிடும். வடிவம் மாறவில்லை, தளத்தின் அளவுதான் மாறியது. எனவே எந்தத் தளம், எத்தனை பேர், எந்த மக்கள்தொகை, எத்தனை மார்க்கர்களை வைத்துத் தேடியது, எந்தத் தேதியில் என்பதெல்லாம் அறிக்கையில் இருந்தாக வேண்டும். 2000ஆம் ஆண்டு முதல் இணையத்தில் இயங்கும் ஒய்எச்ஆர்டி இதற்கென்றே உள்ள தளம்.

இந்த எண்ணும் உறவினர் அல்லாத ஆண்களைப் பற்றியதுதான். தந்தைவழி உறவினர்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்தில் வாழ்கிறார்கள். குற்றம் நடந்த இடத்தைச் சுற்றி அந்த வடிவம் தளம் காட்டுவதைவிட அதிகமாகவே இருக்கலாம்.

சரியான வாசகம் இப்படி இருக்கும்: ‘தடயத்தின் ஒய் வடிவம் இன்னாருடைய வடிவத்துடன் ஒத்துப்போகிறது. அவரையும் அவருடைய தந்தைவழி ஆண் உறவினர்களையும் தடயத்தின் மூலமாக இருக்க முடியாதவர்கள் என்று விலக்க முடியவில்லை.’ இதற்கு மேல் ஒரு சொல் கூடினாலும் அது எதன் அடிப்படையில் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மறுபக்கம், விலக்குவதில் இந்தச் சோதனைக்கு இணையில்லை. தடயமும் சந்தேக நபரும் ஒரே ஆள்தானா என்ற கேள்வியில், சிதைவும் கருவிப் பிழையும் இல்லை என்று உறுதியான பிறகு, உண்மையான ஒரே ஒரு வேறுபாடு இருந்தாலும் அவர் விலக்கப்படுவார். அவரோடு அதே வடிவம் கொண்ட சகோதரர்களும் விலக்கப்படுவார்கள். நிரபராதி ஒருவரை விரைவில் வெளியே விடுவதுதான் இந்தச் சோதனையால் கிடைக்கும் ஆகப்பெரிய நன்மை என்று நாங்கள் கருதுகிறோம்.

அண்ணன் தம்பியைப் பிரித்தறிய வழியே இல்லையா?
– காவல்துறை வாசகர்

ஓரளவு உண்டு. வழக்கமான மார்க்கர்களில் ஒரு தலைமுறையில் மாற்றம் நிகழும் வாய்ப்பு ஆயிரத்துக்கு இரண்டு, மூன்று என்ற அளவில்தான். 2010இல் 186 மார்க்கர்களை அலசியதில், நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல் மாறக்கூடிய 13 வேக மார்க்கர்கள் தெரியவந்தன. டிஒய்எஸ்570, டிஒய்எஸ்576, டிஒய்எஸ்518, டிஒய்எஸ்627 போன்றவை அவற்றில் சில. பழைய 17 மார்க்கர் கிட் தந்தை மகன் ஜோடிகளில் இருபதில் ஒன்றைப் பிரிப்பதே அரிது. இந்த 13 மார்க்கர்கள் சுமார் கால்வாசி ஜோடிகளைப் பிரிக்கின்றன. சகோதரர்கள் இடையே இரண்டு பிறப்புகள் இருப்பதால் வாய்ப்பு இன்னும் கூடும்.

ஆனால் பிரியாவிட்டால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. அப்படியொரு வழக்கில் சாதாரணச் சோதனையில் பாதி வடிவம் கிடைத்தாலும் அதைத் தேடிப் பிடியுங்கள். சகோதரர்களைப் பிரிக்க ஐந்தாறு சாதாரண மார்க்கர்கள் பல நேரம் ஒய்யின் 27 மார்க்கர்களைவிட உதவும்.

கருத்தடை அறுவை செய்துகொண்டவர் என்றால் தடயமே கிடைக்காதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

கிடைக்கும். விந்தணு இல்லாவிட்டாலும் விந்து நீர்மத்தில் வெள்ளணுக்களும் உட்பூச்சுச் செல்களும் வருகின்றன. நுண்ணோக்கியில் விந்தணு தெரியவில்லை என்று மாதிரியை மூடிவைத்துவிடக் கூடாது. ஒய் சோதனைக்கு அனுப்ப வேண்டும். நேரம் கடந்துவிட்டது என்று தயங்கவும் வேண்டாம். சாதாரணச் சோதனைக்கு இரண்டு நாளுக்குப் பிறகு வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. ஒய் சோதனையில் நான்கு நாட்களுக்குப் பிறகும் வடிவம் கிடைத்ததுண்டு.

ஓர் ஆணின் மாதிரியில் பாலினச் சோதனை ‘பெண்’ என்று காட்டியது. மாதிரி மாறிவிட்டதா?
– ஆய்வக உதவியாளர்

மாறியிருக்கலாம், முதலில் அதைச் சரிபாருங்கள். மாறவில்லை என்றால் காரணம் அமெலோஜெனின்தான். பாலினச் சோதனை பார்ப்பது இந்த மரபணுவைத்தான்; அது எக்ஸ், ஒய் இரண்டிலும் இருக்கிறது. எக்ஸில் இருப்பது 6 எழுத்து குட்டை. வழக்கமான பிரைமர் ஜோடியில் எக்ஸ் துண்டு 106, ஒய் துண்டு 112 எழுத்துகள். சில ஆண்களுக்கு ஒய்யில் அந்தப் பகுதியே விடுபட்டிருக்கும். தெற்காசிய ஆண்களிடம் இது மற்ற இடங்களைவிட அதிகம்: 2002இல் வெளியான ஓர் ஆய்வில் 270 இந்திய ஆண்களில் 5 பேரிடம் காணப்பட்டது. ஒய் சோதனை போட்டால் மற்ற மார்க்கர்கள் எல்லாம் வரும். டிஒய்எஸ்458 மட்டும் காலியாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அது அமெலோஜெனினுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பல நேரம் சேர்ந்தே விடுபடுகிறது. அமெலோஜெனினை மட்டும் நம்பி எந்த மாதிரியையும் பெண் என்று எழுதாதீர்கள்.

இரண்டு ஆண்கள் சம்பந்தப்பட்டிருந்தால்?
– அதே வாசகர்

ஒற்றை இட மார்க்கர்கள் பலவற்றில் இரண்டிரண்டு சிகரங்கள் வரும், டிஒய்எஸ்385இல் நான்கு வரை வரலாம். ஒருவருடைய பங்கு மற்றவரைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் உயரத்தை வைத்துப் பெரிய பங்காளரின் வடிவத்தைப் பிரித்தெடுக்கலாம். சம அளவில் கலந்திருந்தால் பிரிக்க முயலாதீர்கள்; விலக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஒரே ஒரு மார்க்கரில் மட்டும் இரட்டைச் சிகரம் என்றால் ஒரே ஆணிடம் அந்தப் பகுதி இரட்டிப்பாகியும் இருக்கலாம், டிஒய்எஸ்19இல் இது அறியப்பட்டதே. அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த குற்றத்தில் ஒய் வடிவம் ஒரே ஆளைப் போலத் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடையாளம் தெரியாத உடலுக்கு யாரிடம் மாதிரி எடுப்பது? தந்தை உயிரோடு இல்லை.
– சமூகப் பணியாளர்

தாய், மனைவி, பிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்களிடம் சாதாரணச் சோதனைக்கு எடுங்கள். ஒய் ஒப்பீட்டுக்கு மகன், உடன்பிறந்த சகோதரர், பெரியப்பா அல்லது சித்தப்பா, அவர்களுடைய மகன்கள் யாராக இருந்தாலும் சரி. தாய்மாமனும் அத்தை மகனும் பயன்பட மாட்டார்கள். ஆண்வழிச் சங்கிலியில் நடுவே ஒரு பெண் வந்தாலே ஒய் அங்கே அறுந்துவிடும்.

இங்கே ஒப்பிடுவது உறவினரோடு என்பதால் ஓரிரு வேறுபாடுகள் வந்ததும் உறவில்லை என்று எழுதிவிடக் கூடாது, மாற்றம் நிகழ்ந்திருக்கலாம். வேக மார்க்கர்கள் உள்ள கிட்டில் இது இன்னும் சகஜம். மூன்று, நான்கு மார்க்கர்கள் வேறுபட்டால்தான் விலக்குவது பற்றி யோசிக்க வேண்டும்.

உறவு காகிதத்தில் இருப்பதுபோல இரத்தத்தில் இல்லாமலும் போகலாம். 2012இல் லெஸ்டர் நகரின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த எலும்புக்கூடு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டுடையது என்று தாய்வழி மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ உறுதிப்படுத்தியது. வம்சாவளிப்படி தந்தைவழியில் இன்று வாழும் உறவினர்களின் ஒய்யோ பொருந்தவில்லை. இடைப்பட்ட தலைமுறைகளில் எங்கோ தந்தை வேறு ஒருவர். ஆகவே முடிந்தால் இரண்டு உறவினர்களிடம் எடுங்கள். முடிவு எதிர்பாராததாக இருந்தால் குடும்பத்திடம் எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது என்பதை மாதிரி எடுக்கும் முன்பே அவர்களோடு பேசி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

உறவினரின் டிஎன்ஏ மூலம் குற்றவாளியைப் பிடித்திருக்கிறார்களா?
– ஓய்வுபெற்ற வாசகர்

பிடித்திருக்கிறார்கள். சீனாவின் கான்சு மாகாணத்திலும் உள் மங்கோலியாவிலும் 1988 முதல் 2002 வரை நடந்த 11 பெண்களின் கொலை வழக்கில், வேறொரு குற்றத்துக்காகப் பிடிபட்ட உறவினர் ஒருவரின் ஒய் வடிவம் தடயத்தோடு ஒத்துப்போனது. அதை வைத்து அந்தத் தந்தைவழி ஆண்களை ஆராய்ந்து 2016இல் குற்றவாளியைக் கைது செய்தார்கள். ஒய் வடிவம் காவல்துறையை அந்தக் குடும்பத்தின் வாசல் வரை கொண்டுபோனது. அதற்குள் ஆளைக் காட்டியது அவருடைய சொந்த மாதிரி. குற்றமற்ற உறவினர்கள் அத்தனை பேரும் இதில் விசாரணை வட்டத்துக்குள் வருகிறார்கள் என்பதால், நீதிமன்றக் கண்காணிப்பும், விலக்கப்பட்டவர்களின் மாதிரியை அழிக்கும் விதியும் இல்லாமல் இதைத் தொடங்குவது சரியல்ல.

ஒரு பெண்ணின் இரத்தத்தில் ஒய் குரோமோசோம் வந்தது எப்படி?
– செவிலியர்

அவர் ஓர் ஆணிடமிருந்து எலும்பு மஜ்ஜை பெற்றவராக இருக்கலாம். அதன் பிறகு இரத்தம் கொடையாளரின் டிஎன்ஏவையே காட்டும். ஆண் குழந்தை பெற்ற தாய்மார்களின் இரத்தத்திலும் மகனின் செல்கள் மிகச் சிறிய அளவில் ஆண்டுக்கணக்கில் தங்குவதுண்டு. மறுபக்கம், வயதான ஆண்கள் சிலரின் இரத்த வெள்ளணுக்களில் ஒரு பங்கு ஒய் குரோமோசோமையே இழந்திருக்கும். எனவே ஒப்பீட்டு மாதிரி எடுக்கும் படிவத்தில் மஜ்ஜை மாற்று, அண்மைய இரத்தம் ஏற்றல் பற்றிய கேள்வி இருக்க வேண்டும். மஜ்ஜை பெற்றவரின் எச்சிலிலும் கன்னத் தடவலிலும் கொடையாளரின் வெள்ளணுக்கள் கலந்து வரும். அவரிடம் வேரோடு பிடுங்கிய முடி பத்துப் பதினைந்தை எடுத்து, கன்னத் தடவலோடு சேர்த்து அனுப்புங்கள்.